ராகித் தட்டில் இருபத்தாறு சில்லைகள்

ஆஸ்டின் டவுனில் நாங்கள் வாடிக்கையாகப் போகிற மளிகைக் கடையின் தூணில், ஊதுபத்தி விளம்பரத்துக்கும் ஒரு காலண்டருக்கும் நடுவில், என் டைரியின் ஒரு பக்கம் ஒட்டியிருக்கிறது. ஜெராக்ஸ்தான். ஆனால் கையெழுத்து என்னுடையது.

போன சனிக்கிழமை கொத்தமல்லி வாங்கப் போனபோது, முன்பின் தெரியாத ஒருவர் நின்று அதை வாசித்துக்கொண்டிருந்தார். முழுக்க வாசித்தார். சிரித்தார். ஒரு கிலோ ராகி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பத்திரிகையில் இந்தப் பத்தியைப் பதினோரு வருடமாக எழுதுகிறேன். ஒருவர் என் எழுத்தைப் படித்த கையோடு உருப்படியாக ஒரு காரியம் செய்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

அந்தப் பக்கம் அங்கே எப்படிப் போனது? வரிசையாகச் சொல்கிறேன். எனக்கு வேறு மாதிரி சொல்ல வராது.

மெஷின்களோடு வருகிற கையேடுகளைப் பிழை திருத்துவது என் தொழில். 'இடப்பக்கத் திருகாணியை முதலில் கழற்றவும்' என்று போட்டிருந்தால், அது இடப்பக்கம்தானா என்று படத்தைப் பார்த்துச் சரிபார்ப்பேன். வீட்டிலிருந்தே வேலை. மேஜை, பின்பக்க ஜன்னலை ஒட்டி. ஜன்னலுக்கு வெளியே பதினேழு அடிக்குப் பதினோரு அடி இடம். அதில் ஒரு கொய்யா மரம், ஒரு துவைக்கிற கல், சொட்டிக்கொண்டே இருக்கும் ஒரு குழாய். அந்தக் குழாயை நான் சரிசெய்யாததற்குக் காரணம் உண்டு. குளிர்காலத்தில் சாம்பல் வாலாட்டிக் குருவி அந்த ஈரத்தைத் தேடி வரும்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை என் டைரியின் ஒவ்வொரு பக்கத்திலும் மேல்பாதி மனிதர்களுக்கு, கீழ்பாதி பறவைகளுக்கு. கீழ்பாதியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஆறு கட்டம் — மணி, பறவை, எண்ணிக்கை, இடம், செயல், குறிப்பு. ஒன்பது குளிர்காலமாக இப்படித்தான். மைனா வரும். கொண்டைக்குருவி வரும். கொய்யா இலைக்குள் ஒளிந்து பூச்சி பிடிக்கிற கதிர்க்குருவி வரும்.

சில்லை மட்டும் வந்ததே இல்லை.

புள்ளிச் சில்லை தெரியுமா? சிட்டுக்குருவியைவிடச் சின்னது. காப்பிப்பொடி நிறத்தில் முதுகு. வெள்ளை மார்பில் மீன் செதில் மாதிரி வரிசை வரிசையாகக் கோலம் — பொறுமையான ஆள் யாரோ உட்கார்ந்து வரைந்த மாதிரி இருக்கும். கூட்டமாகத்தான் திரியும். ஒருமுறை அத்திபெலே பக்கம் பஸ் ஜன்னல் வழியாக ஒரு கூட்டத்தைப் பார்த்தேன். எண்ண ஆரம்பித்தேன். ஒன்பது வரை வந்தபோது பஸ் கிளம்பிவிட்டது. அந்த மீதி எத்தனை என்பது ரொம்ப நாளாக என்னை உறுத்திக்கொண்டிருந்தது.

இது இப்படியிருக்க, இந்த டிசம்பரில் அன்பியத்தில் புல் முறை எங்கள் வீட்டுக்கு வந்தது.

தெரியாதவர்களுக்காக: அன்பியம் என்பது எங்கள் சர்ச் பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த ஜெபக் குழு. எங்களுடையதில் இருபத்துநான்கு வீடு. கிறிஸ்துமஸுக்கு ஒவ்வோர் அன்பியமும் கோவில் வளாகத்தில் ஒரு குடில் வைக்கும். போட்டி உண்டு. சொரூபங்கள் ஒரு வீட்டுப் பொறுப்பு, நட்சத்திரம் ஒரு வீடு, கூரை ஒரு வீடு. புல் ஒரு வீடு. பிளாஸ்டிக் புல் கூடாது. டிசம்பர் எட்டு, மாதா திருநாளன்று தட்டில் மண் பரப்பி ராகி விதைப்போம். ஒழுங்காகத் தண்ணீர் தெளித்தால் இருபத்துநாலாம் தேதி பச்சைப்பசேல் என்று நிற்கும். தட்டோடு தூக்கிக் குடிலில் வைத்தால் பெத்லகேம் தயார்.

போன வருடம் டாரத்தி டீச்சர் வீட்டு முறை. பள்ளிக்கூடத்திலிருந்து ரிட்டயர் ஆனவர், அன்பியத் தலைவி. அவர் வளர்த்த புல்லின் செழிப்பில் ஆடுகளின் காது மட்டும்தான் வெளியே தெரிந்தது. ஃபாதர் பிரசங்கத்திலேயே அதைக் குறிப்பிட்டுவிட்டார். அந்தப் பிரசங்கத்தில் மற்றபடி என்ன இருந்தது என்று யாருக்கும் ஞாபகமில்லை. புல் மட்டும் ஞாபகம் இருக்கிறது. மறந்துவிடாமல் டீச்சர் பார்த்துக்கொண்டார்.

ஆகவே என் மனைவி பிலோமினாவுக்கு இந்த நான்கு பேக்கரித் தட்டுகள் எவ்வளவு முக்கியம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அவளுக்கு அடுகோடியில் ஒரு பள்ளியில் ஆபீஸ் வேலை.

"நான் ஆறே முக்காலுக்குப் போயிடுவேன். காலைல ஒருவாட்டி, சாயந்திரம் ஒருவாட்டி தண்ணி தெளிங்க. குருவி கிருவி வந்தா விரட்டுங்க. முடியும்ல?" என்றாள்.

இதுகூட முடியாதா? நாலு தட்டுக்கும் மூலையில் மார்க்கர் பேனாவால் எண் போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அவள் நிம்மதியாக வேலைக்குப் போனாள்.

ஒன்பதாம் தேதி. காலை ஏழு பத்து. மூடுபனி இன்னும் விலகவில்லை. இரண்டாம் தட்டின் விளிம்பில் ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்தது. பிறகு இன்னொன்று. பிறகு மொத்தமாக ஒரு பிடி குருவியை யாரோ தூவிவிட்ட மாதிரி...

காப்பிப்பொடி முதுகு. செதில் மார்பு.

கை தட்டியிருக்க வேண்டும். தட்டத்தான் கையைத் தூக்கினேன். ஆனால் தட்டினால் பறந்துவிடுமே? பறந்துவிட்டால் எத்தனை என்று எப்படி எழுதுவது? முதலில் எண்ணிவிடுவோம், எண்ணி முடித்ததும் விரட்டுவோம் என்று முடிவு செய்தேன். பதிமூன்று. இல்லை, குழாய் மேல் ஒன்று — பதினான்கு. சரிபார்க்க இன்னொரு முறை எண்ணினேன். பதினான்கேதான். நிமிர்ந்தேன். அவை சாப்பிட்டு முடித்துக் கிளம்பிவிட்டிருந்தன.

டைரியில் எழுதினேன். குறிப்புக் கட்டத்தில் என்ன போடுவது என்று கொஞ்சம் யோசித்து, 'முதல் வரவு. மகிழ்ச்சி' என்று போட்டேன்.

இரண்டாம் தட்டில் பாதி காலி. அடுக்களை டப்பாவிலிருந்து ராகி எடுத்து மறுபடி தூவி, மேலே மண் தெளித்து, தட்டிச் சமன்செய்துவிட்டேன். யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

கண்டுபிடிக்க வேண்டியவர்கள் கண்டுபிடித்தார்கள். மறுநாள் அதே ஏழு பத்துக்கு மறுபடி பந்தி. பதினேழு.

பக்கத்து வீட்டு லூர்து அண்ணன் மதிலுக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். லேத் பட்டறை வைத்திருந்தவர். கண் பார்வை அறுபத்தெட்டு வயதிலும் கூர்மை.

"என்ன தம்பி, ஆட்டுக்குப் புல் போடுறியா, குருவிக்குச் சாப்பாடு போடுறியா?"

எண்ணிக்கொண்டிருக்கிறேன் அண்ணா என்றேன்.

"எண்ணு எண்ணு. எங்கிட்ட பழைய கொசுவலை ஒண்ணு கிடக்கு. வேணும்னா சொல்லு."

வேண்டாம் என்றேன். கொசுவலைக்குப் பின்னால் மார்புப் புள்ளி சரியாகத் தெரியாது. இந்தக் காரணத்தை அவரிடம் சொல்லவில்லை.

பதிமூன்றாம் தேதி பிலோ தட்டுகளைக் குனிந்து பார்த்தாள். ஒரு மூலையில் நக உயரம். ஒரு மூலையில் அப்போதுதான் முளைக்கிறது. நடுவில் வழுக்கை. சலூனில் பாதியில் எழுந்து வந்த தலை மாதிரி இருந்தது.

"ஏங்க இப்படி இருக்கு?"

இந்த இடத்தில் ஒரு மனிதன் உண்மையைச் சொல்லலாம். நான், "ராகி பழசா இருக்கும்" என்றேன்.

அவ்வளவுதான். ஒரு வாக்கியம். ஆனால் பாருங்கள் — எதையும் அளந்து பேசுகிறவன் என்று பெயர் எடுத்தவன் ஒரு பொய் சொன்னால், அதை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பிலோ எடுத்துக்கொண்டு நாகராஜின் மளிகைக் கடைக்குப் போனாள்.

நாகராஜ் நல்ல மனிதர். இருபது வருடப் பழக்கம். இது இந்த வருட அறுவடை அம்மா என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறார். அவள் நம்பவில்லை. கடைசியில், ஊரிலிருந்து தன் வீட்டுக்கென்று வரவழைத்து வைத்திருந்த ராகியை உள்ளேயிருந்து கொண்டுவந்து கொடுத்து அனுப்பினார்.

அதையும் விதைத்தோம். உயர்ந்த ராகி. எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. சில்லைகளுக்குத் தெரிந்தது. பதினாறாம் தேதி காலை, உறவுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டன. இருபத்தாறு.

இருபத்தாறு! நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து மூன்று முறை எண்ணினேன். ஒன்பது குளிர்காலத்தில் என் டைரி காணாத எண்.

கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் முன்னால், எங்கள் வீட்டில் அன்பியக் கூட்டம். ஜெபம் முடிந்து, காப்பி முடிந்து, எல்லோரும் புல்லைப் பார்க்கப் பின்பக்கம் வந்தார்கள். டாரத்தி டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நான்கு தட்டையும் பார்வையிட்டார். பரீட்சைப் பேப்பர் திருத்திய கண்.

"பரவாயில்ல பிலோ, வருத்தப்படாத. பெத்லகேம் பக்கம் பாலைவனமும் இருக்கத்தான செய்யுது" என்றார்.

பிலோவின் முகம் சிவந்துவிட்டது. ராகி கெட்ட ராகி என்றாள். கடைக்காரர் இரண்டு முறை ஏமாற்றிவிட்டார் என்றாள். லூர்து அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கொய்யா மரத்தைப் பார்த்தேன்.

பேச்சு வளர்ந்தது. ஒரே கடையில் இருபத்துநாலு வீடும் வாங்குகிறோம், அந்த மரியாதைகூட இல்லையா என்றது ஒரு குரல். ஜனவரியிலிருந்து வேறு கடை பார்த்துக்கொள்வோம் என்றது இன்னொரு குரல். டீச்சர் அதைத் தீர்மானமாகவே எழுதிவிடலாம் என்று நோட்டை எடுத்தார். ஒரு வாக்கியம் எவ்வளவு தூரம் நடந்து போய்விட்டது பார்த்தீர்களா? நாகராஜ் அந்த நேரம் கடையில் யாருக்கோ பருப்பு நிறுத்துக்கொண்டிருந்திருப்பார்.

வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் பிலோ, "சும்மா சொல்லல டீச்சர். எங்க வீட்டுக்காரர் எல்லாத்தையும் எழுதி வைப்பார். என்னிக்கு விதைச்சோம், என்னிக்கு முளைச்சது, மணி நிமிஷத்தோட இருக்கும். ஆதாரத்தோட எழுதுங்க" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.

பெருமையோடு போனாள். அதுதான் இன்றைக்கும் வலிக்கிறது. டைரியை எடுத்து வந்து, நடுவில் நின்று, சத்தமாக வாசித்தாள்.

"ஒன்பதாம் தேதி. ஏழு பத்து. புள்ளிச் சில்லை. பதினாலு. இடம், தட்டு இரண்டு. செயல்..."

நிறுத்தினாள்.

"செயல், ராகி தின்றன. குறிப்பு, முதல் வரவு. மகிழ்ச்சி."

அவள் பக்கத்தைத் திருப்பினாள். பதினேழு, ராகி தின்றன. பத்தொன்பது, ராகி தின்றன. 'விரட்டவில்லை. விரட்டினால் எண்ணிக்கை கலையும்.' பதிமூன்றாம் தேதி மேல்பாதியில்: 'ராகி பழையது என்று பிலோவிடம் சொன்னேன். பழையது அல்ல.'

ஏன் அதையெல்லாம் எழுதி வைத்தாய் என்று கேட்பீர்கள். டைரியில் பொய் எழுதுவதில்லை என்பது என் கொள்கை. வாயால் சொன்ன பொய்யைக்கூட டைரியில் உண்மையாகத்தான் எழுதுவேன்.

பதினாறாம் தேதிக்கு வந்தாள். "இருபத்தாறு. ராகி தின்றன. குறிப்பு, பெருமகிழ்ச்சி" என்று வாசித்தாள். பிறகு அவள் கண் மெதுவாக மேல்பாதிக்குப் போனது. டைரியைப் பட்டென்று மூடிவிட்டாள்.

மற்றவர்களுக்கு ஏன் என்று தெரியவில்லை. எனக்குத் தெரியும். பதினாறாம் தேதி பிலோவின் பிறந்தநாள். மேல்பாதியில் இருந்தது இவ்வளவுதான்: 'பிலோ பிறந்தநாள். மதியம் பிரியாணி. உப்பு சற்று அதிகம்.'

லூர்து அண்ணன்தான் முதலில் சிரித்தார். டீச்சர் நோட்டை மூடினார். "நாகராஜ்கிட்ட போய், நடந்ததை நீங்களே உங்க வாயால சொல்லணும். அந்த டைரியையும் எடுத்துட்டுப் போங்க" என்றார். என் வயது ஐம்பத்துமூன்று. வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட மாதிரி இருந்தது.

போனேன். கடையில் கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றேன். பிறகு சொன்னேன். கன்னடக்காரரான நாகராஜுக்குத் தமிழ் நன்றாகப் பேச வரும், வாசிக்க வராது. ஒவ்வொரு கட்டமாக வாசித்துக் காட்டச் சொன்னார். பதினான்கு. பதினேழு. பத்தொன்பது. அவர் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். இருபத்தாறைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"சார், மனுஷன் பொய் சொல்லுவான். ஹக்கி சொல்லுமா?" என்றார். ஹக்கி என்றால் பறவை. "பழைய ராகின்னா ஒண்ணாவது வருமா? இருபத்தாறு வந்திருக்கு. இதுக்கு மேல எனக்கு என்ன சர்ட்டிஃபிகேட் வேணும்?"

டைரியைக் கையோடு பக்கத்துக் கடைக்கு எடுத்துப்போய் பதினாறாம் தேதிப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துவிட்டார். கடையில் ஒட்ட எனக்குச் சம்மதமா என்று கேட்டார். மன்னிப்புக் கேட்கப் போனவன் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? கீழ்பாதியை மட்டும் ஒட்டுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பிழை திருத்துகிறவன் விடக்கூடாத பிழை.

ஆனால் புல்? நாலு நாளில் எந்த ராகி வளரும்?

அதற்கும் அவர்தான் வழி சொன்னார். அவர் மனைவி குழந்தைகளுக்கு ராகி மால்ட் மாவு தயாரித்து விற்கிறார். அதற்காக எப்போதும் துணியில் ராகி முளைகட்டி வைத்திருப்பார்கள். வெள்ளை வேர் விட்டு நின்ற ராகியில் ஒரு பெரிய மூட்டையை என் கையில் கொடுத்தார். "இந்த முறை ஹக்கிங்களுக்கு லீவு விடுங்க சார்" என்றார்.

நான்கு தட்டிலும் பரப்பி, லூர்து அண்ணனின் கொசுவலையை வாங்கி மேலே கட்டி, பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். மறுநாள் காலை ஏழு பத்துக்கு அவை வந்தன. கொய்யா மரத்தில் உட்கார்ந்து வலையைப் பார்த்தன. பிறகு என்னைப் பார்த்தன. எண்ண ஆரம்பித்தேன். ஐந்தாவது குருவியோடு நிறுத்திக்கொண்டு, எழுந்து, கை தட்டினேன்.

அன்றைய பக்கத்தில் எண்ணிக்கைக் கட்டம் காலி. குறிப்பு: 'விரட்டினேன்.'

இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் புல் ஒரு விரல் உயரம் இருந்தது. ஒரே சீராக. வழுக்கை இல்லை. எங்கள் குடிலுக்கு மூன்றாம் இடம். ஃபாதர் நின்று பார்த்துவிட்டு, இந்த வருடம் ஆடுகள் முழுசாகத் தெரிகின்றன, அழகாக இருக்கிறது என்றார். டாரத்தி டீச்சர் அதைக் கேட்கும் தூரத்தில்தான் நின்றார். பிலோ அன்றைக்குத்தான் நாலு நாள் கழித்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

கதை அங்கேயே முடிந்திருக்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் வழியில் பிலோ நாகராஜ் கடைக்குப் போனாள். தூணைப் பார்த்தாள். பக்கத்தின் கீழே நாகராஜ் கன்னடத்தில் பெரிதாக, 'இருபத்தாறு பறவைகள் சாப்பிட்ட ராகி' என்று எழுதியிருந்தார். மேலே, தமிழ் தெரிந்த ஆஸ்டின் டவுன் முழுக்கப் படிக்கும்படி, என் குண்டு குண்டான கையெழுத்தில்... அந்தப் பிரியாணி.

வீட்டுக்கு வந்து சமைத்தாள். மதியச் சாம்பாரில் உப்பே இல்லை. நான் கேட்கவில்லை. டைரியில் எழுதவும் இல்லை.

சாயங்காலம் நாகராஜிடம் போய், மேல்பாதியையாவது கத்தரித்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். பிசினஸ் சென்னாகி நடக்குது சார், கைவைக்க மாட்டேன் என்றார். சென்னாகி என்றால் நன்றாக. திரும்பி வந்து, டிசம்பர் பதினாறைத் திறந்து, பிரியாணிக்குப் பக்கத்தில் 'மகிழ்ச்சி' என்று சேர்த்தேன். பின்னால் சேர்த்தது என்பதால் ஓரத்தில் சேர்த்த தேதியையும் போட்டேன். உப்பை அடிக்க மட்டும் கை வரவில்லை. அதிகமாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை பிலோவுக்கு லீவு. நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால், துவைக்கிற கல்லின் மேல் இரண்டாம் தட்டு. அதில் அவளே தூவிய ராகி. கொய்யா மரம் அப்போதுதான் அமைதியாகிக்கொண்டிருந்தது. மேஜையில் டைரி திறந்து கிடந்தது. கீழ்பாதியில், நான் போட்டுவைத்திருந்த ஆறு கட்டத்துக்குள், அவள் கையெழுத்து.

எண்ணிக்கைக் கட்டத்தில் 'நிறைய' என்றிருந்தது. நிறைய என்பது ஓர் எண்ணா? பேனாவை எடுத்தேன். மூடி வைத்துவிட்டேன்.

செயல்: 'ராகி தின்றன.' குறிப்பு: 'உப்பைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.'